கோடு நகர்ந்ததா?

அன்புள்ள உனக்கு,

முதலில் என்னை மன்னித்துவிடு. உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் அப்பாவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பயந்திருப்பாய். ஒன்றும் ஆகவில்லை. அவர் சுகம், நான் சுகம், வீடும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. அங்கே உனக்கு உடம்பும் மனசும் ஒருசேர நன்றாக இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேதான் பேனாவை எடுத்தேன். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் அப்பா போனை என் கையில் திணித்தால் என்ன நடக்கும் என்று உனக்கே தெரியும். நான் ‘சாப்பிட்டியாம்மா’ என்பேன், நீ ‘சாப்பிட்டேன், நீங்க’ என்பாய், நான் ‘ஆச்சு’ என்பேன், அதோடு இரண்டு பேரும் ஒருவர் மூச்சை ஒருவர் கேட்டுக்கொண்டு நிற்போம், ‘என்ன, லைன் கட்டாயிடுச்சா’ என்று அப்பா வாங்கிக்கொள்வார். மெசேஜ் அனுப்பலாம் என்றால் நீ படித்துவிட்டாய் என்று குறி விழுந்துவிடும், பதில் வரும்வரை எனக்குக் கை கால் ஓடாது. கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை. நீ முழுவதும் படித்தாயா, பாதியில் மடித்து வைத்தாயா என்று எனக்குத் தெரியவே வராது. அப்பாவைக் கட்டிக்கொண்டு நான் இந்த வீட்டுக்கு வந்த மூன்று வருஷத்தில் உனக்கு எழுதும் முதல் கடிதம் இது. அதுவும் ஒரு தப்பை ஒத்துக்கொள்வதற்காக எழுத வேண்டியதாகிவிட்டது.

தப்புக்கு முன்னால் வீட்டுச் சேதி. அப்பாவின் இடது முழங்கால் இப்போது தேவலை. லிஃப்ட் மெக்கானிக்குக்கு மாடிப்படி ஏறி முழங்கால் போனது என்றதும் டாக்டர் சிரித்துவிட்டாராம். ‘ஓடுற லிஃப்டுக்கு என்னை யார் சார் கூப்பிடுறாங்க, நின்னுபோன லிஃப்டுக்குத்தானே கூப்பிடுறாங்க’ என்று இவர் கோபமாக விளக்கிவிட்டு வந்திருக்கிறார். கீழ்வீட்டு டெய்லரம்மா உன்னை விசாரித்தார். உன் அளவு இன்னும் அவர் நோட்டில் இருக்கிறதாம், ‘இளைச்சிருந்தா எழுதச் சொல்லு, பெருத்திருந்தா எழுத வேணாம், வந்து நிக்கும்போது நானே கண்டுபிடிச்சுக்கிறேன்’ என்றார். என் வேலை வழக்கம்போல ஓடுகிறது. ரத்தப் பரிசோதனை நிலையத்தில் அதே கண்ணாடிக்குப் பின்னால் அதே நாற்காலி. காலை ஏழிலிருந்து மூன்று மணிவரை ‘பேரு, வயசு, வெறும் வயிறா’ என்று கேட்டு, லேபிள் அடித்து, குழாயில் ஒட்டி அனுப்புகிறேன். ஒரு நாளைக்கு நூற்றைம்பது பேரிடமாவது இந்தக் கேள்வியைக் கேட்பேன். ‘டீ மட்டும் குடிச்சேன்’ என்று பாதியை மறைத்துச் சொல்கிறவர்களை முகத்திலேயே கண்டுபிடித்துவிடுவேன். போன வாரம் ஒரு பெரியவர் ‘பொய் சொன்னா ரத்தத்துல தெரியுமா’ என்று கேட்டார். தெரியும் என்றேன். உடனே ‘ரெண்டு பிஸ்கட்டும் சாப்பிட்டேன்’ என்று ஒத்துக்கொண்டார். அவரிடம் அப்படிப் பேசிவிட்டு வந்ததிலிருந்துதான் என் பொய் எனக்கு உறுத்த ஆரம்பித்தது என்று வைத்துக்கொள்.

விஷயத்துக்கு வருகிறேன். வேலை முடிந்து மூன்றரைக்கு வீட்டுக்கு வந்தால் அப்பா வர எட்டு மணி ஆகும். நடுவே நாலரை மணி நேரம் நானும் இந்தக் கூடமும்தான். காலையிலிருந்து நூற்றைம்பது பேரிடம் வாய் ஓயாமல் கேட்டிருப்பேன், ஆனால் அதில் என் சொந்தப் பேச்சு என்று ஒரு வார்த்தை இருக்காது. எங்கள் குடும்பத்தில் காலேஜ் படியேறிய முதல் ஆள் நான். படித்த பெண்ணுக்கு வாய் நீளும் என்று எல்லோரும் பயந்தார்கள். எனக்கு வாய் நீளவில்லை, கண்தான் நீண்டது. எந்த அலமாரிக் கதவு எந்தச் சத்தத்தோடு திறக்கும், உன் அம்மா உயிரோடு இருந்தபோது எந்தக் கிண்ணத்தை எங்கே கவிழ்த்து வைத்திருப்பார், உன் அறைச் சுவரில் எத்தனை இடத்தில் பசை டேப்பின் தடம் இருக்கிறது, எல்லாம் பார்த்துப் பார்த்து மனப்பாடமாகிவிட்டது. போன வருஷம் ஒருநாள் சாயங்காலம் பார்க்க எதுவும் மிச்சமில்லாமல் டிவியைப் போட்டேன். ‘யார் பார்க்கிறீர்கள்’ என்று அது கேட்டது. சாதாரணக் கேள்விதான், எனக்குத்தான் தூக்கிவாரிப்போட்டது. திரையில் மூன்று வட்டம். அப்பா, அம்மா, வாலு. அப்பா வட்டத்தில் மல்யுத்தமும் கார் பந்தயமுமாக இருக்கும், அதில் நான் எதையாவது பார்த்து வைத்தால் அவர் கண்ணில் பட்டு ராத்திரிச் சாப்பாட்டில் கேலி நடக்கும். அம்மா வட்டத்தின் மேல் என் விரல் தவறிக்கூடப் படக்கூடாது என்று ரிமோட்டையே தள்ளிப் பிடித்தேன். புது வட்டம் போட்டுக்கொள்ளக் கூட்டல் குறி இருந்தது, அழுத்தினேன், பெயர் கேட்டது. என்ன பெயர் போடுவது என்று தெரியாமல் திரும்பி வந்துவிட்டேன். கடைசியில் வாலு என்ற உன் வட்டத்துக்குள் போனேன். நீதான் ஊரில் இல்லையே, உன் அறை மாதிரி இதுவும் சும்மாதானே கிடக்கிறது என்று நினைத்தேன். நீ அங்கே இருந்தபடியே அதே வட்டத்துக்குள் உட்கார்ந்து பார்ப்பாய் என்பது சத்தியமாக எனக்குத் தோன்றவே இல்லை. என் தப்பு அங்கேதான் தொடங்கியது.

உள்ளே முதலில் இருந்தது அந்த இன்ஸ்பெக்டர் தொடர். இரண்டாவது சீசன், மூன்றாவது எபிசோட், பாதியில் நின்றிருந்தது. நானும் கதையின் தலை தெரியாமல் பாதியிலிருந்து பார்த்தேன். கொலைகாரனைத் துரத்திக்கொண்டு ஓடுகிற இன்ஸ்பெக்டர் தெருமுனையில் ஒரு நாய்க்குட்டியைப் பார்த்துவிட்டு வந்த வழியே திரும்பி ஓடுகிறார், லேடி கான்ஸ்டபிள் வாய் நிறைய எதையோ மென்றுகொண்டே ‘சார், கொலைகாரன் அந்தப் பக்கம்’ என்கிறார். நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். சிரித்த பிறகு யார் சிரித்தது என்று திரும்பிப் பார்த்தேன். இந்த வீட்டில் என் சிரிப்பை நான் முதல்முறை கேட்டது அன்றைக்குத்தான். அதற்குப் பிறகு மூன்று மணி ஆனால் எனக்கு வீட்டுக்குப் போக அவசரம் வந்துவிடும். அங்கே யாரோ எனக்காகக் காத்திருக்கிற மாதிரி. அவர்கள் என்னைப் பார்ப்பதில்லை, நான் பதில் சொல்ல வேண்டியதில்லை, வெட்கப்பட வேண்டியதில்லை, ஆனாலும் கூடம் நிறைய ஆட்கள். கூச்சப்படுகிற ஒருத்திக்கு அதைவிட நல்ல விருந்தாளி யார்?

மறுநாள் டிவியைப் போட்டால் நான் நிறுத்திய இடத்தில் இல்லாமல் படத்துக்குக் கீழே ஓடும் சிவப்புக் கோடு தள்ளிப்போயிருந்தது. தூங்கிவிட்டேனோ என்று நினைத்தேன். அடுத்த நாளும் அப்படியே. அப்பாவிடம் ‘நேத்து நீங்க டிவி போட்டீங்களா’ என்று கேட்டேன், ‘நானா, லிஃப்டுக்குள்ள மாட்டிக்கிட்டவங்க சொல்ற கதையே எனக்கு நாலு சீசன் வரும்’ என்றார். அப்புறம்தான் புத்தியில் உறைத்தது, அது நீ. இன்னொருத்தர் செருப்பைப் போட்டுக்கொண்டு நடந்துவிட்டு, அவர் வாசலில் நிற்பதைப் பார்த்த மாதிரி ஆகிவிட்டது எனக்கு. உடனே நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்த முடியவில்லை. அதற்குப் பதில் ஒரு திருட்டு வேலை செய்தேன். லேபில் அச்சு சரியாக விழாத லேபிள்களைத் தூக்கிப் போடுவோம், அதில் இரண்டை எடுத்துவந்து நீ நிறுத்திய இடத்தை எழுதி ரிமோட்டின் முதுகில் ஒட்டிக்கொள்வேன், ‘சீசன் 2, எபிசோட் 6, நிமிடம் 14’ என்று. என் பங்கைப் பார்த்து முடித்ததும் கோட்டைப் பழையபடி உன் நிமிடத்துக்கே தள்ளிக்கொண்டுபோய் வைத்துவிட்டு அணைப்பேன். ஒரு மாசம் இப்படி ஓடியது. ஒருநாள் அப்பா சீக்கிரமே வந்து பூட்டில் சாவி போடுகிற சத்தம் கேட்டதும் பதறி அப்படியே அணைத்துவிட்டேன், கோடு நான் பார்த்துக்கொண்டிருந்த இடத்திலேயே நின்றுவிட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமைதான் நீ போனில் அப்பாவிடம் ‘என்னப்பா, இன்ஸ்பெக்டர் எப்படி இருக்கார்’ என்று கேட்டாய்.

அன்றைக்கு நீ எவ்வளவு சிரித்தாய் என்று ஞாபகம் இருக்கிறதா? அப்பா சொன்ன பதில் எந்த இன்ஸ்பெக்டரைப் பற்றி என்று இப்போது சொல்கிறேன், அதற்கும் சேர்த்துச் சிரித்துக்கொள். வருஷத்துக்கு ஒருமுறை லிஃப்டுகளைச் சோதித்துச் சான்றிதழ் கொடுக்க அரசாங்கத்திலிருந்து ஓர் இன்ஸ்பெக்டர் வருவார். அவர்தான் அப்பாவுக்குத் தெரிந்த ஒரே இன்ஸ்பெக்டர். அதனால்தான் ‘அவருக்கென்ன, போன வாரம் வந்து ஏறி இறங்கிப் பார்த்துட்டுக் கையெழுத்துப் போட்டுட்டுப் போனார்’ என்றார். நீ விடாமல் ‘நாயைப் பார்த்தா இன்னும் ஓடுறாரா’ என்றாய். அப்பா பார்க்கிற மூன்றாவது கட்டடத்தில் கார் நிறுத்துமிடத்தில் ஒரு நாய் இருக்கிறது, வருகிற யாரையும் விடாது. ‘பின்ன ஓடாம? அது யாரை விட்டுச்சு? நானே பைக் மேல ஏறி நின்னேன்’ என்றார். நீ மூச்சுத் திணறச் சிரித்தாய், ‘இதுல என்னடி சிரிப்பு, கடிச்சிருந்தா’ என்று அவர் கோபித்துக்கொண்டார், நீ இன்னும் சிரித்தாய். நான் பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். இரண்டு பக்கமும் எனக்குப் புரிந்துவிட்டது. அப்பாதான் உன்னோடு அந்தத் தொடரைப் பார்க்கிறார் என்று நீ முடிவு கட்டிவிட்டாய். ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்திருக்கும். ஆனால் நீ அங்கே போன பிறகு அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை, அதை நடுவில் புகுந்து நிறுத்த எனக்கு வாய் வரவில்லை. அதற்குப் பிறகு நடந்தது உனக்கே தெரியும். நீ ராத்திரி பார்த்த எபிசோடை நான் மறுநாள் சாயங்காலம் பார்ப்பேன். முடித்ததும் அடுத்ததை ஒரே ஒரு நிமிடம் ஓடவிட்டு நிறுத்துவேன். கதவைத் தட்டிவிட்டுப் போகிற மாதிரி. நீ அதிலிருந்து ஆரம்பிப்பாய். பல மாதம் ஒரு நாள் விடாமல் தட்டினேன், தட்டியது அப்பா என்று நீ நினைத்தாய்.

இனி எழுதப்போவது கொஞ்சம் கஷ்டமான இடம், ஆனால் முடிவு நல்லது என்று நமக்குத் தெரியும் என்பதால் தைரியமாக எழுதுகிறேன். உன் ஆபீசில் உன் பிரிவையே மூடிவிட்டார்கள் என்று நீ சொன்ன அன்றைக்கு அப்பா வேறு எதுவும் கேட்காமல் ‘பெட்டியைக் கட்டிக்கிட்டு வந்துடு’ என்றார். நீ ‘வந்து? அங்க எனக்கு யாருப்பா இருக்கா’ என்றாய். ‘அப்போ நான் யாருடி, செத்தா போயிட்டேன்’ என்று கத்திவிட்டு அவர் வைத்துவிட்டார். ஸ்பீக்கர் போட்டிருந்தது. நான் கூடத்தில்தான் நின்றிருந்தேன். எனக்கு வருத்தமே இல்லை என்று எழுதினால் அது இன்னொரு பொய். ஆனால் கோபம் வரவில்லை, ஏனென்றால் அதே கேள்வியை அதே கூடத்தில் நின்று நானும் எத்தனையோ சாயங்காலம் எனக்குள் கேட்டிருக்கிறேன். மறுநாள் உன் போன் அணைந்திருந்தது. அதற்கு மறுநாளும். அப்பா உன் பழைய ஆபீசுக்குப் போட்டார், யாரும் எடுக்கவில்லை, உன் அறைத்தோழியின் எண் உபயோகத்தில் இல்லை என்று வந்தது. ஒரு கட்டடத்தின் ஒன்பதாவது மாடியில் கருவிப் பையை மறந்து வைத்துவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தார், முப்பது வருஷத்தில் அந்தப் பையை விட்டுவிட்டு வந்தது இதுதான் முதல் தடவையாம். தட்டில் போட்டது போட்டபடி இருக்கும்.

மூன்றாம் நாள் காலையில் அடுப்பில் தண்ணீர் வைத்துவிட்டு நிற்கும்போது பளிச்சென்று தோன்றியது. ஓடிப்போய், இரண்டு நாளாகத் தொடாத டிவியைப் போட்டு உன் வட்டத்துக்குள் போனேன். ஐந்தாவது சீசன், இரண்டாவது எபிசோடில் ஒரு நிமிடத்தில் நான் விட்டுவைத்த கோடு நான்காவது எபிசோடில் எட்டாவது நிமிடத்தில் நின்றிருந்தது. தண்ணீர் கொதித்து வழிந்ததுகூடத் தெரியாமல் அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு அப்பாவை எழுப்பி, ‘உங்க பொண்ணு நேத்து டிவி பார்த்திருக்கா’ என்றேன். கண் விழித்ததும் இப்படிச் சொன்னால் யாருக்குத்தான் புரியும், ‘என்ன உளர்ற’ என்றார். இழுத்துவந்து காட்டினேன். எல்லாவற்றையும் அப்போதுதான் அவரிடம் ஒத்துக்கொண்டேன், வட்டம், லேபிள், ஒரு நிமிடம் ஓடவிட்டது, எல்லாம். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் காதில் அதெல்லாம் விழுந்ததாகவே தெரியவில்லை. திரைக்கு ஒரு சாண் தூரத்தில் நின்று ‘இது அவதானா, வேற யாராவது இருக்கலாம்ல’ என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அவள்தான் என்றேன். கான்ஸ்டபிளுக்கு ஏதாவது ஆகப்போகிறது என்றால் அதற்கு அரை நிமிடம் முன்னால் நிறுத்திவிட்டு மிச்சத்தை மறுநாள்தான் பார்ப்பாள், கோடு நின்ற இடத்திலிருந்து அரை நிமிடம் ஓடவிட்டுக் காட்டி, இதுவும் அப்படி ஓர் இடம் என்றேன். இத்தனை மாதமும் நீ எங்கே நிறுத்துகிறாய் என்று கவனித்துக் கவனித்து உன்னை எனக்கு அந்த அளவுக்குத் தெரிந்திருந்தது. அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். ‘சாப்பிட எதாவது இருக்கா’ என்று கேட்டார். காலை ஐந்தே முக்கால் மணிக்கு.

அப்புறம் ‘நாம பார்த்தா அவளுக்கும் தெரியுமா’ என்றார். தெரியும் என்றேன். ‘அப்போ பாரு. இன்னிக்கு லீவு போட்டுட்டுப் பாரு’ என்றார். வேலைக்குப் போகாதே, உட்கார்ந்து டிவி பார் என்று பெண்டாட்டியை அதட்டிய ஒரே மனிதர் உன் அப்பாவாகத்தான் இருப்பார். நான் லீவு போடவில்லை, ஆனால் அன்றிலிருந்து ஒரு நாள் தவறாமல் தட்டினேன். காலையில் குளித்துத் தலை துவட்டியபடியே ‘கோடு நகர்ந்துச்சா’ என்று கேட்பார். நகர்ந்தது என்றால்தான் சட்டை மாட்டுவார். ஆறாம் நாள் நகரவில்லை. அன்று அவரைப் பார்க்கச் சகிக்கவில்லை, மத்தியானம் லேபுக்கே வந்துவிட்டார், வரிசையில் நின்று கண்ணாடிக்கு முன்னால் குனிந்து ‘இப்போ நகர்ந்திருக்குமா’ என்றார், பின்னால் நின்றவர்கள் ஏதோ வயிற்றுக் கோளாறு என்று நினைத்து இரக்கப்பட்டார்கள். ஏழாம் நாள் காலையில் இரண்டு எபிசோட் முழுசாகத் தாண்டியிருந்தது. ‘ரெண்டு! ஒரேயடியா ரெண்டு பார்த்திருக்கா கழுதை’ என்று மாடிப்படியில் நின்று கத்தினார், டெய்லரம்மா எட்டிப்பார்த்து ‘யாருக்கு, இரட்டைப் பிள்ளையா’ என்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரும் பார்க்கிறேன் என்று என் பக்கத்தில் உட்கார்ந்தார். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ‘இவன் நல்லவனா கெட்டவனா’ என்று கேட்டார், கால் மணி நேரத்தில் தூங்கிவிட்டார், எழுந்ததும் ‘அவ எங்க நிறுத்தினா’ என்றார். நீ தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான். அப்பா அந்தத் தொடரைப் பார்க்கவே இல்லை. கோட்டைத்தான் பார்த்தார்.

பதினோராம் நாள் நீயே கூப்பிட்டாய். வேறு இடத்தில் வேலை கிடைத்துவிட்டது, கிடைக்கும்வரை பேச முகமில்லை என்றாய். அப்பா லிஃப்ட் வேலைக்கு நடுவில் பேசிவிட்டு, கையெல்லாம் கிரீஸ் என்பதால் கண்ணைத் தோளிலேயே துடைத்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார், சட்டையின் இரண்டு தோளும் ஈரம். ஞாயிற்றுக்கிழமை ஆறஅமரப் பேசும்போது நீ ‘தினமும் நீங்க வந்து பார்த்துட்டுப் போனது தெரியும்ப்பா, அதான் ரூம்ல தனியா இருக்கற மாதிரியே இல்ல’ என்றாய். அவர் என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். ‘ம்’ என்றார். அந்த ‘ம்’தான் எங்கள் இரண்டு பேரின் பொய். அதற்குப் பிறகு எங்கள் பாடு திண்டாட்டம். ஒவ்வொரு சனிக்கிழமையும் ‘கதையைச் சொல்லு, நாளைக்கு அவ கேப்பா’ என்று எதிரில் உட்கார்ந்துகொள்கிறார். பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி, யார் யாருக்கு மச்சான், யார் எந்த சீசனில் செத்தான் என்று லேபிளில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்கிறார், அப்படியும் செத்தவனைப் பற்றி ‘அவன் நல்லா இருக்கான்’ என்று சொல்லிவிட்டு முழிக்கிறார். போன ஞாயிற்றுக்கிழமை நீ, இன்ஸ்பெக்டர் ஏன் பெரிய ஊருக்கு மாற்றல் வேண்டாம் என்றார் என்று கேட்டாய். லேபிளில் அது இல்லை. நான் காதில் சொன்னேன், அவர் அப்படியே ஒப்பித்தார், ‘இந்த ஊர்ல அவருக்கு என்ன பயம்னு எல்லாருக்கும் தெரியும், புது ஊருக்குப் போனா முதல்லேருந்து மறைக்கணும்ல’. நீ ‘அப்பா, இது நீங்களா யோசிச்சீங்க’ என்றாய். ‘பின்ன, ரோட்ல போறவனா வந்து யோசிப்பான்’ என்று அவர் சமாளித்தார். ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்டபோதே நீ கண்டுபிடித்துவிட்டாய் என்று எனக்குப் பட்டது. நீ கண்டுபிடிப்பதற்கு முன்னால் நானே சொல்லிவிட வேண்டும் என்று நாலு நாளாக எழுதுகிறேன். அப்பாவுக்குத் தெரியும், ‘எழுது, ஆனா என்னைக் காட்டிக்கொடுக்காம எழுது’ என்றார். இதில் அவரைக் காட்டிக்கொடுக்காமல் எழுத எனக்கு எந்தக் காலேஜும் சொல்லித்தரவில்லை.

ஆக, உன்னோடு உட்கார்ந்து பார்த்தது நான்தான். அப்பா என்று நீ நினைத்துத் தைரியமாக இருந்த ராத்திரிகளில் அது அப்பா இல்லை என்று இப்போது தெரிந்து உனக்கு ஏமாற்றமாக இருந்தால் அது நியாயம். கேட்காமல் உன் வட்டத்துக்குள் வந்தது தப்பு. பாஸ்வேர்டை மாற்றிவிட்டாலும் நான் வருத்தப்பட மாட்டேன், வருத்தப்பட்டாலும் உனக்குச் சொல்ல மாட்டேன். ஆனால் ஒன்று. அங்கே நீ தனியாக இல்லாத மாதிரி உனக்கு இருந்தது என்றாய் அல்லவா, இங்கே எனக்கும் அப்படித்தான் இருந்தது. மனசிலிருந்து ஒரு பெரிய கல்லை இறக்கி வைத்துவிட்டேன், இன்று ராத்திரி நன்றாகத் தூங்குவேன்.

புது வேலையில் உன் பெயர் நிலைக்கட்டும், நேரத்துக்கு வயிறு நிறையட்டும், தூக்கம் தேடாமல் வரட்டும். காலையில் வெறும் டீயோடு கிளம்பாதே, போன வருஷம் அனுப்பிய பரிசோதனைத் தாளில் உனக்கு இரும்புச்சத்து குறைவு என்று இருந்தது, மறுபடி ஒருமுறை பார்த்துக்கொள். முக்கியமாக இன்னொன்று, பேசப் பிடிக்காத நாளில் போனை அணைத்து வைக்காதே. எடுக்காவிட்டால் பரவாயில்லை, அங்கே மணி அடிக்கிற சத்தம் இங்கே கேட்டால் போதும் அப்பாவுக்கு.

அன்புடன்,
உன் வீட்டிலிருந்து,
நான்

கையெழுத்துப் போட்டாகிவிட்டது, ஆனாலும் கேட்க நினைத்ததைக் கேட்காமல் உறையை ஒட்ட மனசு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடம் பேசி முடித்ததும் வைத்துவிடாதே. என்னைக் கேள். கான்ஸ்டபிளைப் பற்றி எனக்கு நிறையச் சொல்ல இருக்கிறது, அப்பா மூலமாக இல்லாமல் நானே சொல்லிக்கொள்கிறேன். என்ன முறை வைத்து என்னைக் கேட்பது என்று யோசித்துக்கொண்டு நிற்காதே. ‘அவங்ககிட்ட குடுங்கப்பா’ என்றாலே போதும். நான் பக்கத்தில்தான் நிற்பேன்.